அட்வான்ஸ் வாங்கிய போன்

பேத்திக்கு முதல் சம்பளம் வந்த வாரமே ஆப்பிள் போன் ஆசையும் வந்துவிட்டது. "எந்தக் கம்பெனி சிம் போடப் போறே?" என்று கேட்டேன். "முதல்ல போன் தாத்தா. சிம் எதையாவது போட்டுக்கலாம்" என்றாள். அந்த 'எதையாவது' எனக்கு உறுத்தியது.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. இன்று நம் கடைகளில் விற்கும் போன்களில் பெரும்பாலும் எந்தக் கம்பெனி கார்டும் வேலை செய்யும். அமெரிக்காவில் அப்போது அப்படி இல்லை. 2007-ல் ஐபோன் வந்தபோது ஏ.டி. அண்ட் டி. என்ற ஒரே கம்பெனியில்தான் கிடைத்தது. 2011-ல்தான் வெரைசனுக்கு வந்தது. நியூ ஜெர்சியில் இருந்த என் மைத்துனர் மகன் அந்தப் போனுக்காகவே கம்பெனி மாறினான். 2008-ல் அங்கே அதன் விலை 199 டாலர், இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு. அதே வருஷம் ஆகஸ்டில் ஏர்டெலும் வோடபோனும் இங்கே விற்றபோது 31,000 ரூபாய். "நம்மள மட்டும் மொட்டை அடிக்கிறான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்த எனக்கு அந்த 199-தான் பயமாக இருந்தது. அது அட்வான்ஸ் கணக்கு.

பட்டுத் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் அத்தை கல்யாணத்துக்கு அப்பா முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கினார். வட்டி கிடையாது, அவசரத்துக்குக் கை கொடுத்த மகராசன் என்று வீட்டில் அவரைக் கும்பிட்டார்கள். ஆனால் அந்தப் பணம் தீரும் வரை தறி அவருடையது மாதிரிதான். அவர் கொடுக்கும் பாவு, அவர் சொல்லும் கூலி. பக்கத்துத் தெருவில் சேலைக்குக் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர் கூப்பிட்டபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். கடன் அடைவதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. கணக்கு அப்படி.

இத்தனை தெரிந்த நானே ஒருமுறை ஏமாந்தேன். 2003 மே முதல் தேதியிலிருந்து வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றாயிற்று. ஊரே போன் வாங்கியது. நானும் மலிவாகக் கிடைத்த ஒரு சி.டி.எம்.ஏ. போனை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். அந்த வகைப் போனில் அப்போது சிம் போடவே இடம் கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். தறி இருக்கும் உள்ளறையில் சிக்னல் எடுக்காது. ஜரிகை வந்துவிட்டதா என்று கேட்க நான்கு முறை வாசலுக்கு ஓட வேண்டும். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால் போனையே தூக்கிப் போட வேண்டும், நம்பரும் போய்விடும். மூன்று வருஷம் அதோடு குடும்பம் நடத்தினேன்.

2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி வந்தது. இதன் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு 2018-ல்தான் விளங்கியது. ஏர்செல் படுத்தபோது, 1900-க்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தெருவெல்லாம் வேறு கம்பெனிக்குப் போனது. நம்பர் பிழைத்தது.

பேத்திக்கு இந்தக் கதையெல்லாம் பொறுமையில்லை. அதனால் வேறு மாதிரி சொன்னேன். பாவு எத்தனை இழை என்று பார்க்காமல் அதைக் கோக்கும் அச்சு வாங்குவோமா? அலைவரிசையும் அப்படித்தான். 2300 மெகாஹெர்ட்ஸ் அலை நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் தடித்த சுவரில் திணறும். 700, 850 போன்றவை சுவரைத் தாண்டி உள்ளே வரும். பி.எஸ்.என்.எல்.லின் புதிய 4ஜி 700-லும் 2100-லும் ஓடுகிறது. அந்த 700-ஐப் பிடிக்காத பழைய போன்கள் இருக்கின்றன. 5ஜியில் ஜியோ ஒரு முறையில் தொடங்கியது, ஏர்டெல் வேறு முறையில். 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது ஐபோன் வைத்திருந்தவர்கள் அந்த டிசம்பரில் மென்பொருள் வரும் வரை காத்திருந்தார்கள். விலை கொடுத்த போன், 5ஜி மட்டும் இல்லை!

கடைக்காரர் 24 மாதத் தவணை போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் அப்பா ஞாபகம். இப்போது பூட்டு கம்பெனியிடம் இல்லை, தவணைத் தாளில் இருக்கிறது. ஆறு மாதம் பொறு, சேர்த்து வாங்கு என்றேன். முகம் சுருங்கியது. "அந்தப் போனைச் செய்வதே நம்ம மாவட்டத்துல, சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான்ல. அதைக்கூட வாங்கக் கூடாதா தாத்தா?" என்றாள். வாங்கு, அதே போனைத்தான் வாங்கு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் வந்து 2014-ல் மூடியதையும் பார்த்தவன் நான். பக்கத்தில் செய்கிறார்கள் என்பதற்காக அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலும் எதிர்வீட்டிலும் இருந்த மூன்று கம்பெனி போன்களை வாங்கி வந்து தறிக்குழியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தோம். அவள் சேர நினைத்திருந்த கம்பெனி வாசல்படியைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு மாமி வைத்திருப்பது மட்டும் குழிக்குள் தெளிவாகக் கேட்டது.

போன் அவள் கேட்டதுதான், முழுப்பணம் கட்டி வாங்கினாள். கார்டு மாமியின் கம்பெனி. எனக்கும் அதே கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். இப்போது, கரையை உடலோடு கோக்கும் கோர்வைத் தறியில் மூன்று நாடா ஓடும்போதே போன் அடிக்கிறது. எடுத்தால் கோர்வை தவறும், அதனால் எடுப்பதில்லை.