பழத்தட்டில் ஒரு ஈ

முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தினேன். மைட்டோகாண்ட்ரியா என்றால் கரும்பலகையில் ஒரு அவரை விதை, உள்ளே நாலு மடிப்பு. அவ்வளவுதான். உயிருள்ள செல்லில் அவை ஓயாமல் ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் உருமாறுகின்றன என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

படிக்க வைத்தது அண்ணனின் கைநடுக்கம். பார்க்கின்சன் என்றார் டாக்டர்.

பிங்க்1, பார்க்கின் என்று இரண்டு புரதங்கள். இவற்றின் மரபணு பழுதானால் சிலருக்கு இளவயதிலேயே இந்நோய் வருகிறது. பழ ஈயில் இவற்றை நீக்கிப் பார்த்தார்கள். பறக்கும் தசையில் மைட்டோகாண்ட்ரியா வீங்கியது, செல்கள் மடிந்தன, இறக்கை தொங்கியது. பிங்க்1 இல்லாத ஈக்குப் பார்க்கினைக் கூட்டினால் தசை தேறுகிறது என்று 2006-இல் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்கும் புரதத்தைக் கூட்டினாலோ, சேர்க்கும் புரதத்தைக் குறைத்தாலோகூடத் தேறுகிறது என்பது 2008-இல் தெரிந்தது. உருவம் சீரானால் செல் பிழைக்கிறது!

எழுபது தாண்டி நோய் வந்த அண்ணனுக்கு இதில் உடனே மருந்தில்லை. தெரியும்.

நேற்று வாழைப்பழத் தட்டில் சின்ன ஈக்கள். விரட்ட அண்ணன் கையை ஓங்கினார். கை நடுங்கியது.

"இருக்கட்டும்ணே, விடுங்க" என்றேன்.