ஆள் மாறினால் ட்ரூப் மாறுமா?

காட்பாடி ஜங்ஷனில் காலையில் ஆம்பூர் போகும் ரயிலுக்காக நிற்கிற கூட்டத்தில், டிபன் பாக்ஸ் மூடியிலேயே தாளம் தட்டிக்கொண்டு ஓர் ஆசாமியைப் பார்த்திருக்கிறீர்களா? சாட்சாத் அடியேன்தான். ஒரு நாள் தட்டின வேகத்தில் மூடி திறந்து, பக்கத்திலிருந்தவரின் வெள்ளை பேண்ட்டில் வத்தக்குழம்பு... வேண்டாம், அந்தக் கதை இப்போது எதற்கு!

வாரத்தில் ஆறு நாள் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லைட் மியூசிக் ட்ரூப்பில் தும்பா வாசிப்பேன். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா... அட்வான்ஸ் கொடுத்தால் எங்கேயும் வருவோம்.

ட்ரூப்பை ஆரம்பித்தவன் என் நண்பன். கீ-போர்டு அவன்தான், புக்கிங் அவன்தான், மைக் செட்காரரிடம் சண்டை போடுகிற இலாகாவும் அவனுடையதுதான். 2021-ல் கொரோனா இரண்டாவது அலை வந்தது. பத்தே நாள். போய்விட்டான்.

அதற்கப்புறம் நாலு வருஷம் தும்பா என் வீட்டுப் பரண் மேலே. என் மனைவி அதன் மேல் பழைய போர்வைகளை அடுக்கிவிட்டாள்.

போன ஆடிக்கு முன்னால் எங்கள் பாடகர் வந்தான். "அண்ணே, கோயில் கமிட்டியில கூப்பிடறாங்க. கீ-போர்டுக்கு ஒரு பையனைப் பிடிச்சிட்டேன். அதே பேர்ல பண்ணலாமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அவன் இல்லாம அந்தப் பேரா? வெட்கமா இல்லை உனக்கு?"

பையன் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். அந்தப் பையனுக்கு கச்சேரி வந்தாத்தான் வீட்டு வாடகை. வெட்கத்தைப் பத்தி நீங்க பேசறீங்க!"

சுருக்கென்றது. ஆனாலும் ஆண்பிள்ளை, அதுவும் கணக்குப் பிள்ளை, சும்மா விடுவேனா? என் கட்சிக்கு ஆதாரம் தேடக் கிளம்பினேன்.

ஆதாரமே நண்பன்தானே! அவனுக்கு வெளிநாட்டு ராக் குழுக்கள் என்றால் உயிர். மற்றவர்கள் கிரிக்கெட் டீம் சொல்வது போல, எந்த வருஷம் எந்தக் குழுவில் யார் டிரம்ஸ் என்று ஒப்பிப்பான். இங்கிலாந்தின் 'யெஸ்' குழு மேல் தனிப் பிரியம். புரோகிரஸிவ் ராக். பாட்டு ஒவ்வொன்றும் மகா நீளம். காட்பாடியில் ஆரம்பித்தால் சில பாட்டு குடியாத்தத்தில்தான் முடியும்.

1968-ல் ஜான் ஆண்டர்சனும் கிறிஸ் ஸ்குவயரும் ஆரம்பித்த குழு அது. ஆள் வருவதும் போவதும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு தோற்றுவிடும். 2008-ல் ஆண்டர்சன் விலகினார். 2015-ல் ஸ்குவயர் இறந்துபோனார். ஆரம்பித்தவர்களில் ஒருத்தர்கூட இல்லை. 1970-ல் சேர்ந்த கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஹோதான் குழுவை நடத்துகிறார். 2017-ல் ஆண்டர்சனும் ஒரு கோஷ்டி சேர்த்து 'யெஸ்' என்று பெயர் போட்டுக்கொள்ள, ஒரே சமயத்தில் இரண்டு யெஸ்! இங்கே இரட்டை இலை யாருக்கு என்று சண்டை நடந்த அதே வருஷம்.

"பேர் மட்டும்தாண்டா மிச்சம்" என்று நண்பனே நொந்துகொண்டிருக்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அதே வாயால் அவன் கொண்டாடிய இன்னொரு குழு ஞாபகம் வந்து என் கேஸைக் கெடுத்தது. 'சக்தி'.

1970-களில் இங்கிலாந்து கிடார்காரர் ஜான் மெக்லாக்லின் நம்மவர்களோடு சேர்ந்து அமைத்த குழு. எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். மூன்று ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள். 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று திரும்பி வந்தபோது எல்.சங்கர் இல்லை. கொஞ்ச நாளில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். விக்கு உட்கார்ந்த இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். 'வெண்ணிலா கபடி குழு'வுக்கு இசையமைத்தாரே, அவரேதான். அப்புறம் பாட சங்கர் மகாதேவன்.

2014-ல் ஸ்ரீநிவாஸ், 45 வயதில் காலமானார். பிற்பாடு மறுபடி 'சக்தி' என்ற பழைய பெயரிலேயே சேர்ந்தபோது இன்னொரு மாண்டலினைத் தேடவில்லை. கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் வயலினோடு வந்தார். 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது. அதே டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

முதல் ஆல்பத்தையும் கடைசி ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இரண்டிலும் இருந்தவர்கள் மெக்லாக்லினும் ஜாகிரும் மட்டும்தான். கேட்டால் என்ன தோன்றுகிறது? ஒரே வீடு. ஒருத்தர் கேள்வி கேட்க, இன்னொருத்தர் பதில் சொல்ல, தாளத்தில் விளையாடி, கடைசியில் எல்லோரும் ஓரிடத்தில் வந்து சேர்கிற அந்தக் குடும்பப் பழக்கம் மாறவேயில்லை.

யெஸ் கேஸில் ஒரு தீர்ப்பு, சக்தி கேஸில் ஒரு தீர்ப்பு. தலை சுற்றியது.

மறுநாள் பில் விஷயமாக ஃபேக்டரிக்குள் போனபோது, சும்மா இருக்காமல் ஃபோர்மேனிடம் கேட்டேன். "தோல் வேற டேனரிலேர்ந்து வருது. வெட்டற ஆள் மாறிட்டார். தைக்கிற பொண்ணுங்க பாதிப் பேர் கல்யாணமாகிப் போயாச்சு. ஆனா பத்து வருஷமா அதே மாடல் ஷூ போகுதே, எப்படி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லாஸ்ட் மாறலையே சார்!"

லாஸ்ட் என்றால், கால் வடிவத்தில் பிளாஸ்டிக் அச்சு. அதன் மேல்தான் தோலை இழுத்துப் பிடித்து ஷூ ஆக்குவார்கள். ஷூ கப்பலேறிப் போய்விடும். லாஸ்ட் இங்கேயே நிற்கும், அடுத்த தோலுக்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வைகளை இறக்கி வைத்துவிட்டுத் தும்பாவோடு ரிகர்சலுக்குப் போனேன். மனசு மாறி அல்ல, வேவு பார்க்க!

புதுப் பையன் வி.ஐ.டி.யில் படிக்கிற திருச்சூர்க்காரன். தமிழ் அரைகுறை, விரல் முழுசு. பிரமாதமாக வாசித்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. பல்லவிக்கு முன்னால் ஓரிடத்தில் விறுவிறுவென்று சுரங்களைக் கொட்டினான்.

"அங்க நிறுத்து! அது என் இடம்!" என்று கத்திவிட்டேன்.

கத்தின பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த இடத்தில் நண்பன் எப்போதும் அரை வினாடி கையை எடுத்துவிடுவான். நான் தும்பாவில் ஒரு தட்டு தட்டி நிரப்புவேன், ஜனம் கை தட்டும். 'லேட்டா வர்றான்' என்று 20 வருஷம் அவனைத் திட்டியிருக்கிறேன். அது எனக்காக அவன் விட்ட இடம்!

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பரண் தூசி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பையன் பயந்துபோய், "அண்ணா, அவர் எப்படி வாசிக்கும்? சொல்லித் தாங்க" என்றான்.

சொல்லிக் கொடுத்தேன். எங்கே நிறுத்துவான், எங்கே பாடகரைப் பார்த்துத் தலையாட்டுவான், எந்த இடத்தில் கூட்டம் எழுந்து போகுமோ அங்கே எப்படி வேகத்தைக் கூட்டுவான் என்று எல்லாம். பையன் கேட்டுக்கொண்டான். வேறோர் இடத்தில் தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு மாண்டலின் தேட வேண்டியதில்லை, இல்லையா?

ஆள் மாறலாம் சார். போனவர் பழக்கம் தெரிந்த ஒருத்தர் மிச்சமிருக்க வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால்தான் பெயர் மட்டும் மிஞ்சும். என் நண்பனை நாலு வருஷமாகப் பரண் மேல் போட்டுப் போர்வை போர்த்தி வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்!

பாடகரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். இந்தத் தடவை காபி முழுசாகக் குடித்தான்.

ஆடி வெள்ளியன்று கோயில் வாசலில் கச்சேரி. பல்லவிக்கு முன்னால் பையன் சரியாக அரை வினாடி கையை எடுத்தான். தட்டினேன். ஜனம் கை தட்டியது.

பின்னால் அதே பெயர், அதே பழைய பேனர். நண்பனின் போன் நம்பர் மேல் மட்டும் பேப்பர் ஒட்டி வேறு நம்பர் எழுதியிருக்கிறோம். என் நம்பர்தான். மைக் செட்காரரிடம் முதல் சண்டையும் இனிதே முடிந்தது.