அத்தாவின் முன்பண நோட்டு



திருப்பூரில் பதினெட்டுத் தையல் இயந்திரங்கள் கொண்ட சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். ஏற்றுமதி நிறுவனங்கள் வெட்டிய துணியை எங்களிடம் அனுப்பும். நாங்கள் ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்களில் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட யூனிட்டுகள் தெருவுக்குத் தெரு உண்டு. 1925இல் குலாம் காதர் என்பவர் பேபி நிட்டிங் என்ற பெயரில் தொடங்கியதே திருப்பூரின் முதல் பின்னலாடை ஆலை என்று வரலாறு கூறுகிறது. அதன் நூற்றாண்டைக் கொண்டாட வேண்டிய 2025ஆம் ஆண்டில், எங்கள் ஊர் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

இந்தியப் பொருட்களின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி ஆகஸ்ட் 7ஆம் தேதி 25 சதவீதமாக நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 27ஆம் தேதி அது 50 சதவீதமாக உயர்ந்தது. பருத்திப் பின்னல் டீ-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. ஐந்து டாலர் மதிப்புள்ள ஓர் ஆடைக்கு முன்பு சுமார் 83 சென்ட் கட்டிய இறக்குமதியாளர், அப்போது 3 டாலர் 33 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி அப்போது 20 சதவீதமாகவே இருந்தது. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. இந்த வேறுபாட்டின் பொருளை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே எனக்குத் துணி அனுப்பும் ஏற்றுமதியாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. "பையர் தள்ளுபடி கேட்கிறான் பாய். நானும் குறைத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் ரேட்டில் பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கையில் இருந்தது 24,000 பீஸ் ஆர்டர். அதில் ஒன்பதாயிரம் அதற்குள் தைத்து முடிந்திருந்தது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் என் கணக்கிலிருந்து போகிறது என்று மனம் உடனே கூட்டியது. அதே வேகத்தில் இன்னொரு கணக்கையும் போட்டது. தையல்காரர்களின் பீஸ் ரேட்டில் ஒரு ரூபாயைக் குறைத்துவிட்டால் என் இழப்பு பாதியாகிவிடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றிரவு இஷா தொழுகைக்குப் போகும்போது அந்த முடிவை ஏறத்தாழ எடுத்துவிட்டேன். வாஷிங்டனில் இருந்து இறங்கிய சுமை, பையரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும், அவரிடமிருந்து எனக்கும் வந்திருக்கிறது. நான் மட்டும் ஏன் அதைக் கீழே தள்ளாமல் தாங்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த முடிவை மாற்றியது ஒரு பழைய கேமரா.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குப் படச்சுருளில் எடுக்கும் புகைப்படத்தின் மீது ஆர்வம். என் அத்தா மர்ஹூம் ஆகும் வரை பத்திரமாக வைத்திருந்த யாஷிகா கேமராவை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள் மட்டுமே எடுக்க முடியும். "ஒரு சுருள் என்ன விலை தெரியுமா அத்தா? நினைத்தபடியெல்லாம் எடுக்க முடியாது" என்றாள். இன்று இந்தியாவில் படச்சுருள் தயாரிப்பவர் எவரும் இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரிலிருந்து கோடாக், இங்கிலாந்திலிருந்து இல்ஃபோர்டு, ஜப்பானிலிருந்து ஃபியூஜி என்று ஒவ்வொரு சுருளும் ஏதேனும் ஒரு சுங்கச் சாவடியைக் கடந்துதான் நம் கைக்கு வருகிறது. நமக்கு ஐம்பது என்று எழுதிய அதே அமெரிக்கப் பட்டியலில் ஜப்பானுக்குப் பதினைந்து, இங்கிலாந்துக்குப் பத்து என்று எழுதியிருந்தது. ஆகவே அங்குள்ள புகைப்படக் கலைஞர்களும் ஜப்பானியச் சுருளுக்கும் ஆங்கிலேயச் சுருளுக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியவர்களே என்று அவள் விளக்கினாள். நான் தைக்கும் சட்டையும் அவள் வாங்கும் சுருளும் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கேமரா இருந்த பெட்டியின் அடியில் அத்தாவின் முன்பண நோட்டு கிடந்தது.

அத்தா 1972 முதல் ஊரில் ஸ்டுடியோ நடத்தியவர். உருவப்படம் கூடுமா கூடாதா என்று ஜமாஅத்தில் அவரோடு வாதிட்ட பெரியவர்களே, ஹஜ்ஜுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் தலையைச் சீவிக்கொண்டு அவர் முன்னால் வந்து அமர்வார்கள். அத்தா சிரித்துக்கொண்டே விளக்கைப் போடுவார். அவர் பெரிதும் நம்பியிருந்தது ஊட்டியில் தயாரான 'இந்து' சுருளையும் தாளையும்தான். 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொருட்கள் அவை. ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் கூடலூர் சாலையில் இந்து நகரைக் காட்டி, "நம் கடையின் சோறு இங்கிருந்துதான் வருகிறது" என்பார்.

ஆனால் அவருக்கு ஒரு குறையும் இருந்தது. வெளிநாட்டு வண்ணச் சுருளுக்கு அரசு விதித்திருந்த கடுமையான இறக்குமதி வரியைப் பற்றிச் சலித்துக்கொள்வார். அந்த வரி ஊட்டித் தொழிலாளிக்குக் குடை. திருப்பூர் ஸ்டுடியோக்காரருக்குச் சுமை. 1991க்குப் பின் பொருளாதாரக் கதவுகள் திறந்து, வரிகள் படிப்படியாகக் குறைந்தபோது அத்தாவின் கடைக்கு வண்ணச் சுருள் தாராளமாக வந்தது. ஊட்டியில் நிலைமை வேறாக இருந்தது. புதிய திட்டத்துக்கு வாங்கிய கடனும் வெளிநாட்டுப் போட்டியும் சேர்ந்து அழுத்த, 1996இல் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த டிஜிட்டல் கேமரா அந்த ஆலையையும் முடித்தது, அத்தாவின் ஸ்டுடியோவையும் முடித்தது. கடைசியாக இந்து நகரைக் கடந்தபோது அத்தா எதையும் சுட்டிக் காட்டவில்லை. "நாம் சந்தோஷப்பட்ட விலைக்கு இவர்கள்தான் பணம் கட்டியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வார்த்தையை நாமும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது எங்கள் ஊர் அதை வரவேற்றது. நானும் மகிழ்ந்தேன். பருத்தி விவசாயி மகிழ்ந்திருக்க மாட்டார். வரி ஏறினாலும் இறங்கினாலும் எங்கோ ஒரு வீட்டின் அடுப்பு அதனால் பாதிக்கப்படுகிறது.

சுங்க வரி நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதன்று. முஸ்லிம் வணிகர்களிடம் பிற நாட்டார் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதிக் கேட்டபோது, அவர்கள் வாங்குவது போலவே நீங்களும் வாங்குங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் அனுப்பியதாக அபூ யூசுஃபின் 'கிதாபுல் கராஜ்' பதிவு செய்கிறது. அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் பதிலடியாகவே இருந்திருக்கும். ஆனால் மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் தாராளமாக வர வேண்டும் என்பதற்காக, அவற்றைக் கொண்டுவரும் நபதிய வணிகர்களிடம் உமர் (ரலி) பாதி வரியே வாங்கினார்கள்; பருப்பு வகைகளுக்கு முழு வரி வாங்கினார்கள். இச்செய்தி இமாம் மாலிக்கின் 'முவத்தா'வில் உள்ளது. வரியை எழுதும் கை, சாமானியரின் உணவுத் தட்டையும் பார்த்தபடியே எழுதியிருக்கிறது.

நான் கலீஃபாவும் அல்லன். நாடுகளின் வரியை எழுதுபவனும் அல்லன். என் கையில் இருந்தது பதினெட்டு இயந்திரங்களும் ஒரு பீஸ் ரேட்டும்தான். அந்த அளவில் நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அத்தாவின் நோட்டில்தான் படித்தேன்.

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் வெள்ளி சுமார் ஆறு டாலராக இருந்தது. 1980 ஜனவரியில் அது ஐம்பது டாலரை நெருங்கியது. புகைப்படச் சுருளின் உயிர் வெள்ளி உப்பு என்பதால் சுருளும் தாளும் விலை ஏறின. அத்தாவோ தை, மாசி மாதத் திருமணங்களுக்கு மார்கழியிலேயே முன்பணம் வாங்கியிருந்தார். நோட்டில் பதினோரு திருமணங்கள். ஒவ்வொன்றுக்கும் பேசிய தொகை நீல மையில் இருக்கிறது. அதன் அருகே, உண்மையில் ஆன செலவு சிவப்பு மையில். ஏழு இடங்களில் சிவப்பு எண் பெரிது. எந்த இடத்திலும் நீல எண் திருத்தப்படவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அந்த வருஷம் என் வளையல் ஒன்று கடைக்குப் போயிற்று. எனக்குக் கோபம்தான். பேசிய பேச்சுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் சோற்றில் பரக்கத் இருக்காது என்றார் உன் அத்தா. மறு வருஷம் புது விலை சொல்லித்தான் முன்பணம் வாங்கினார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை" என்றார்.

அத்தா விலையை ஏற்றாதவர் அல்லர். பேசியதை மாற்றாதவர். சந்தையின் விலை ஏறுவதும் இறங்குவதும் இறைவனின் நாட்டத்தில் உள்ளது. ஒப்பந்தம் செய்த பின் அதை நிறைவேற்றுவது அடியானின் பொறுப்பில் உள்ளது. இவ்விரண்டையும் நான் குழப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தேநீர் இடைவேளையில் எல்லோரையும் அழைத்து உள்ளதைச் சொன்னேன். இந்த 24,000 பீஸுக்கும் பேசிய ரேட் அப்படியே கிடைக்கும். அடுத்து வரும் ஆர்டருக்கு ரேட் குறையலாம். ஆர்டரே வராமலும் போகலாம். வேறு இடம் கிடைத்தால் போகலாம். நான் வருத்தப்பட மாட்டேன் என்றேன். முப்பது ஆண்டுகளாக ஓவர்லாக் ஓட்டும் மூத்த அக்கா கேட்டார்: "முன்கூட்டியே சொன்னீங்களே பாய், அது போதும். சில இடத்துல சனிக்கிழமை கவரைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியுது. நாங்க போனா உங்க லைன் எப்படி ஓடும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நல்லது செய்தேன், உடனே நல்லது நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படியல்ல. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் போனது போனதுதான். இன்று பத்து இயந்திரங்களே ஓடுகின்றன. ஆறு பேர் உள்நாட்டுப் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றுவிட்டார்கள். தீபாவளிக்கு ஒடிசா சென்ற இரண்டு இளைஞர்களைத் தொலைபேசியில் அழைத்து, இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். அதில் ஒருவன் "டீக் ஹை பாய்" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான். அந்தக் குரல் தொழுகையிலும் நினைவுக்கு வருகிறது. அவனுக்கு நான் கடன் எதுவும் வைக்கவில்லை என்பது மட்டுமே என் ஆறுதல்.

அந்த ஆர்டர் முடிந்த நாளில் என் மகள் யாஷிகாவுடன் யூனிட்டுக்கு வந்தாள். சுருளில் பன்னிரண்டு படங்கள். லைனில் பதினெட்டுப் பேர். இருவர் இருவராகவும், தனியாகவும் நிற்க வைத்து, ஒருவரும் விடுபடாமல் எடுத்து முடித்தாள். சுருளைக் கழுவி, ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். அக்கா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு பாய்?" என்று கேட்டார்.

பேசாத விலையை வாங்குவது எங்கள் வீட்டு வழக்கமில்லை என்றேன்.

செலவை மட்டும் அன்றிரவு அத்தாவின் நோட்டில், மீதமிருந்த பக்கத்தில், சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.