சிவப்பு வயர்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் நண்பர்கள் கேட்டபோது, கவிதை எனக்கு வராது என்று தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. அதனால் போன கோடை விடுமுறையில் இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போன இடத்தில் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

கோவைப் பக்கம் சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை அது. இரும்புப் பின்களை மின்சார உலையில் 850 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துவார்கள். உலையைப் பார்த்துக்கொள்பவர் ஓர் அண்ணன். எட்டாவதோடு படிப்பை விட்டவர், தினக்கூலி. என்னை "டிப்ளமோ தம்பி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அந்தப் பேரைக் கேட்க உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

நான்காம் நாள், தெர்மோகப்பிளிலிருந்து பானலுக்குப் போகும் கேபிள் உலைக் கதவில் பட்டு உருகிவிட்டது. எலக்ட்ரீஷியன் லீவு. "நீ இன்ஸ்ட்ருமென்டேஷன்தானே, மாத்திடு" என்றார் சூப்பர்வைசர் சார். ஸ்டோரில் இருந்த புதுக் கேபிளை உரித்தால் உள்ளே மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு என்றால் பிளஸ், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தெர்மோகப்பிள் தலையிலும் பானலிலும் இரண்டு பக்கமும் சிவப்பைப் பிளஸ்ஸில் முடுக்கினேன். மீட்டர் அழகாக ஏறியது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால், உலை சூடாகச் சூடாக மீட்டர் இறங்கி என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். இரண்டு பக்கமும் தப்பு என்பதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது.

மறுநாள் பத்துப் பின்னில் மூன்று விரிசல் விட்டது. "கலரு வேற மாதிரி இருக்குங்க சார்" என்றார் அண்ணன். சார் மீட்டரைக் காட்டினார். 850க்கு மேலும் கீழும் பன்னிரண்டு டிகிரி ஆடிக்கொண்டிருந்தது. "கலரெல்லாம் அந்தக் காலம். நீ எண்ணெயைச் சூடாக விட்டிருப்பே" என்று திட்டிவிட்டுப் போனார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் மீட்டர்தான் பெரிசாகத் தெரிந்தது.

ஆட்டத்தை நிறுத்தினால் விரிசலும் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஜீக்லர், நிக்கோல்ஸ் என்ற இருவர் 1942-ல் சொன்ன முறை நமக்குப் பாடத்தில் இருக்கிறதே. சாயங்காலம் உலை காலியான பிறகு உட்கார்ந்தேன். இன்டெக்ரலையும் டெரிவேடிவையும் எடுத்துவிட்டு, புரபோர்ஷனல் பேண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினேன். 3 சதவீதத்தில் வெப்பம் ஊஞ்சல் மாதிரி ஒரே அளவில் ஆடியது. ஒரு ஆட்டத்துக்கு நான்கு நிமிஷம். கணக்குப்படி பேண்ட் 5 சதவீதம், இன்டெக்ரல் அதில் பாதி, அதாவது 120 விநாடி, டெரிவேடிவ் எட்டில் ஒரு பங்கு, 30 விநாடி. போட்டேன். ஆட்டம் இரண்டு டிகிரிக்குள் அடங்கியது. புத்தகத்தில் படித்தது கண் முன்னால் நடந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

மறுநாள் விரிசல் இன்னும் அதிகம். அண்ணனுக்கு அன்றைய கூலி பிடித்தம்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கொல்லுப்பட்டறை வேலை, அரிவாள், மண்வெட்டி அடிப்பவர். தெர்மோகப்பிளெல்லாம் கேட்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ளே இரும்பு என்ன நெறத்துல இருந்துச்சு கண்ணு?"

"கனகாம்பரப் பூ மாதிரி."

"செம்பருத்தி நெறத்துல எடுக்கணும். கனகாம்பரம் ஆகிப்போச்சுன்னா அது மிஞ்சின சூடு. முக்கினா வெடிக்கத்தான் செய்யும். அந்தப் பையன் சொன்னது நெசந்தான்."

தூக்கம் வரவில்லை. ட்யூனிங் சரி, அப்படியானால் அளவே பொய். அளவு பொய் என்றால் அந்தக் கேபிள்தான். அதை மாட்டியவன் நான்தான்.

காலையில் சீக்கிரம் போய், மிச்சமிருந்த கேபிள் துண்டின் ஒரு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கி, டீ டம்ளருக்குள் விட்டேன். மறு முனையில் மல்டிமீட்டர், மில்லிவோல்ட் ரேஞ்ச். பிளஸ் முனை சிவப்பில். மைனஸ் 1.6 காட்டியது! அமெரிக்கக் கலர் கோடில் தெர்மோகப்பிளுக்குச் சிவப்புதான் மைனஸ். தெர்மோகப்பிள் தலை கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது, பானல் 35 டிகிரியில். கேபிளை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல் இரு மடங்கு குறைத்துக் காட்டும். பாவம், கன்ட்ரோலர் என்ன செய்யும்? 850 என்று அதற்குச் சொல்லப்பட்டதை அது நேர்மையாகப் பிடித்து வைத்திருந்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். கால் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் கூடவே வந்தார். உலை ஓடும்போதே ஹீட்டரை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் வயரை மாற்றினேன். 850 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் ஒரே தாவலில் 926க்குப் போய் நின்றது. அண்ணன் மீட்டரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நான் சொன்னேன்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ட்ரெய்னிங் முடியும்வரை தினமும் வேலை தொடங்கும் முன் டெர்மினல் ஸ்க்ரூ முடுக்கினேன், பானல் தூசி ஊதினேன். கலர் சரியா என்று அண்ணனைக் கேட்ட பிறகுதான் ரீடிங் நோட்டில் எழுதினேன். இரண்டு முனையிலும் "சிவப்பு = மைனஸ்" என்று எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன்.

கடைசி நாள் சர்டிபிகேட்டோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பையனுக்குப் புடிச்ச கூலியக் குடுத்தாங்களா?"

"பாதி குடுத்தாங்கப்பா."

சர்டிபிகேட்டை என்னிடம் நீட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.