கொக்குகளுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள்

நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், சான் அன்டோனியோ என்ற சின்ன ஊருக்குத் தெற்கே இப்போது எங்கள் வீடு நிற்கிறது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். கட்டில், அடுப்பு, குளியலறை, இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை, எல்லாம் அதற்குள் அடக்கம். பிக்கப் டிரக் பின்னால் பூட்டி இழுத்துப் போகிற ஆர்.வி. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, இருந்த வீட்டை விற்றுவிட்டு நானும் கணவரும் இதிலேயே குடியேறிவிட்டோம். திரும்பிப் போக வேறு வீடு கிடையாது.

இப்படி வாழ்கிறவர்களுக்கு அமெரிக்காவில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. தேசியப் பூங்கா, காடு, பறவைக் காப்பகம், பழைய கலங்கரை விளக்கம் என்று எங்கே ஆள் தேவையோ அங்கே தன்னார்வலராகப் போய் வேலை செய்யலாம். சம்பளம் இல்லை. பதிலுக்கு வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு தருவார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை, மிச்ச நாள் நம்முடையது. மத்திய அரசு இடங்களில் 250 மணி நேரம் உழைத்து முடித்தால், தேசியப் பூங்காக்களுக்கு ஓராண்டு நுழைவு அட்டை இலவசம். அட்டை கையில் கிடைப்பதைவிட, ஒரு மண்ணோடு மூன்று மாதம் ஒட்டிக் கிடக்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிது. சுற்றுலாவாக வந்திருந்தால் இங்கே அரை நாளில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

இந்தக் குளிர்காலத்துக்கு நாங்கள் வந்திருப்பது போஸ்கே டெல் அப்பாச்சே தேசிய வனவிலங்குக் காப்பகம். 1939-ல் ஏற்படுத்தியது. பரப்பு 57,000 ஏக்கருக்கு மேல். வடக்கே ஐடஹோ, வயோமிங், மொன்டானா பக்கத்து ஈரநிலங்களில் குஞ்சு பொரித்த சாண்ட்ஹில் கொக்குகள், கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இறங்கி இளைப்பாறிவிட்டு, அக்டோபர் கடைசியிலிருந்து கூட்டம் கூட்டமாக இங்கே வந்து சேர்கின்றன. நான்கடி உயரம், விரித்த சிறகு ஆறடிக்கு மேல். சாம்பல் நிற உடம்பில் நெற்றி மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு இறகல்ல, வெறும் தோல்.

விடியலுக்கு முன்னால் குளக்கரைக்குப் போய்விட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் டிசம்பர் விடியல் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கையுறைக்குள்ளே விரல் மரத்துப்போகும். கொக்குகள் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியேதான் தூங்குகின்றன. இரவில் இரை தேடி வரும் கயோட்டி என்ற சிறு ஓநாய் தண்ணீரில் கால் வைத்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல குளிர் அடித்த இரவென்றால் குளத்தின் மேல்பரப்பு உறைந்து போயிருக்கும். வெளிச்சம் வந்ததும் அந்தப் பனிக்கட்டி மேல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, வழுக்கி, சிறகை விரித்துச் சமாளித்து நடக்கும்.

பறக்கப் போகிற கொக்கு முதலில் கழுத்தை நீட்டி, உடம்பு முழுவதையும் முன்பக்கம் சாய்த்து, சிறிது நேரம் அப்படியே நிற்கும். பக்கத்தில் இருக்கிற இணையும் மெல்லச் சாயும். இரண்டுக்கும் நடுவில் தலை பழுப்பாக இன்னும் ஒன்று. அந்த ஆண்டு பிறந்த குஞ்சு. நெற்றிச் சிவப்பு அதற்கு இன்னும் வரவில்லை. ஒரு நாள் அந்தக் குஞ்சு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. தாயும் தகப்பனும் சாய்ந்த கழுத்தை நிமிர்த்தவேயில்லை, கிளம்பவும் இல்லை. அது திரும்பிப் பார்த்து, தானும் கழுத்தை நீட்டிய பிறகுதான் மூன்றும் ஓடின. ஓடி, பனிக்கட்டியில் நகம் கீறும் சத்தம் எனக்குக் கேட்க, ஒன்றாக எழும்பின. முதல் குளிர்காலம் முழுக்கக் குஞ்சு பெற்றோரோடுதான் இருக்கும். வடக்கிலிருந்து இங்கே வருகிற வழியைக் காட்டியதும் அவர்கள்தான். மூச்சுக்குழல் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் அவற்றின் குரலுக்கு உருளுகிற ஓர் அதிர்வு உண்டு. இரண்டு மைலுக்கு அப்பாலும் கேட்கும். அடுத்த குளத்திலிருந்து பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் ஒரே நொடியில் கிளம்பும்போது காலடி மண்ணே அதிர்கிற மாதிரி இருக்கிறது. முதல் நாள் நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்மணியும் அழுதுகொண்டிருந்தார்.

இவ்வளவும் இயற்கையின் அற்புதம் என்று எழுதி முடித்திருப்பேன், இங்கே தங்கி வேலை செய்யாமல் இருந்திருந்தால்.

ரியோ கிராண்டே ஒரு காலத்தில் வசந்தத்தில் பனி உருகிப் பெருகி, கரை புரண்டு, போன இடமெல்லாம் குட்டையும் சதுப்பும் விட்டுச் சென்ற ஆறு. அணைகள் வந்தன, கரைகள் வந்தன, பாசனத்துக்கு நீர் பிரிந்தது. வெள்ளம் நின்றது. கோடையில் இந்தப் பகுதியில் ஆறு மணலாய்க் காய்ந்து கிடக்கிற ஆண்டுகளும் உண்டு. ஆறு செய்துகொண்டிருந்த வேலையை இப்போது மனிதர்கள் கையால் செய்கிறார்கள். கொக்குகள் போன பிறகு குளங்களை வடித்துவிடுவார்கள். ஈரச் சேற்றில் புல்லும் கோரையும் முளைத்து விதை கட்டும். குளிர்காலத்துக்கு முன்னால் மறுபடி தண்ணீர் பாய்ச்சினால் அந்த விதை வாத்துகளுக்கு இரை. கொக்குகளுக்கென்று தனியாக மக்காச்சோளம் பயிராகிறது. கதிர் முற்றியதும் அறுக்காமல், குளிர்காலம் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையைச் சாய்த்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து விவசாயிகளின் வயலில் கொக்கு இறங்காமல் இருக்கவும் இதுவே வழி.

அப்பா குறுவைக்குத் தண்ணீர் கட்டுவதை வரப்பில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் பறவைகளுக்கு அடுத்தபடி இங்கே என் கண் போனது மதகுகளின் மேல்தான். கான்கிரீட் தொட்டியின் வாயில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருக்கிறார்கள். ஒரு பலகை சேர்த்தால் குளத்தில் நீர் ஏறும், ஒன்றை உருவினால் இறங்கும். காப்பக ஊழியரான ஓர் இளைஞர் நீண்ட கம்பியால் மேல் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உருவாமல் விட்டார். ஏன் என்று கேட்டேன்.

“இதை எடுத்தால் அந்த மூலை காய்ந்துவிடும். கயோட்டி நடந்தே உள்ளே வந்துவிடும். ஒன்று கூடுதலாகப் போட்டாலோ ஆழம் அதிகமாகி, கொக்கு இறங்காது.”

ஒரு பலகை உயரத்தில் நிற்கிறது அத்தனை பறவைகளின் ராத்திரித் தூக்கமும். 1941-ல் இங்கே குளிர்காலத்தைக் கழித்த சாண்ட்ஹில் கொக்குகள் பதினேழே பதினேழு. இன்று பத்தாயிரத்துக்கு மேல் வருகின்றன. பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் படை இங்கே தொடக்க வேலைகளைச் செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1945 ஜூலை 16 அன்று, கிழக்கே தெரிகிற மலைகளுக்கு அந்தப்புறப் பாலைவெளியில் உலகின் முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள். மாலையில் கொக்குகள் திரும்பும்போது அந்தத் திசையைப் பார்க்க நேரும். இரண்டு வேலையும் ஒரே தலைமுறை செய்தது என்பது மனதைப் பிசைகிறது.

எங்களுக்குக் கொடுத்திருக்கிற முக்கிய வேலை சால்ட் சிடார் என்ற புதரை அழிப்பது. ஊழியர்கள் வெட்டிப்போடும் கிளைகளை நாங்கள் இழுத்துக் குவிக்கிறோம். இந்தப் புதர் ஐரோப்பா, ஆசியாவிலிருந்து மண்ணரிப்பைத் தடுக்கவென்று கொண்டுவந்து நட்டது. ஆற்றங்கரையை வளைத்துப் பிடித்துக்கொண்டது. உதிர்கிற இலையிலிருந்து மேல்மண்ணில் உப்பு சேர்கிறது. காட்டன்வுட், வில்லோ மரங்கள் இருந்த இடம் போயிற்று. அதே கரையில் முள்ளோடு ஒரு சிறு மரம் நிற்கிறது, அதைத் தொடக்கூடாது என்றார்கள். பார்த்ததும் எனக்குத் திடுக்கென்றது. மெஸ்கீட். நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். ராமநாதபுரத்துக் கண்மாய்களில் எதை வேரோடு பிடுங்குகிறோமோ அதன் உறவினம் இங்கே மண்ணின் மரம். அதன் காய்தான் காட்டு உயிர்களுக்குத் தீனி. மரத்தின்மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. இடம் மாற்றி நட்ட மனிதன்மேல் வந்தது.

அக்கம்பக்கத்து வண்டிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். வாழ்க்கை வசதிக்குறைவானதுதான். ராத்திரி குழாய் உறையாமல் இருக்க தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைக்க வேண்டும், கழிவுத் தொட்டியை நாமேதான் வடிக்க வேண்டும், புரொப்பேன் தீர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையில்லாத மாதங்களில் அரசுப் புறம்போக்குப் பாலைவெளிகளில் இலவசமாகத் தங்கலாம். பொதுவாக ஓர் இடத்தில் பதினான்கு நாள்தான், பிறகு நகர வேண்டும். வாடகை கட்ட வழியில்லாமல் இந்த வாழ்க்கைக்குத் தள்ளப்பட்டவர்களும் அங்கே நிறையப் பேர். விரும்பி வந்த நாங்கள் அதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

பக்கத்து வண்டிக்காரர் எண்பதை நெருங்குகிறவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், மனைவி போன பிறகு தனியாகச் சுற்றுகிறார். உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று தயங்கித்தான் கேட்டேன். டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனைச் சொன்னார். 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் தலைமையிடம். எங்களைப் போன்ற ஊரில்லாதவர்கள் ஆயிரக்கணக்கானோருக்குத் தபால் முகவரி அதுதான். ஓட்ட முடியாதவர்கள் அங்கேயே தங்கள் வண்டியில் இருந்துகொள்ளலாம், சாப்பாடும் பகல்நேரக் கவனிப்பும் கிடைக்கும். “வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை, வீட்டோடு போய் நின்றுகொள்ளலாம்” என்றார். அன்றிரவு நானும் கணவரும் அதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி பாதியில் கொக்குகள் வடக்கே கிளம்பத் தொடங்கும். எங்களுக்கு அடுத்த இடம் ஒரெகன் மாநிலத்துக் கேப் பிளாங்கோ. 1870-ல் ஏற்றிய கலங்கரை விளக்கு, வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக்காட்டுகிற வேலை. பக்கத்து வண்டிக்காரர் அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறார்.

“காற்று சாதாரணமாக அடிக்காது. வண்டியோர அவனிங் துணிக் கூரையை அங்கே விரிக்கவே விரிக்காதீர்கள், சுருட்டியதையும் நன்றாக இழுத்துக் கட்டுங்கள்” என்று எச்சரித்தார்.

மறுநாள் பக்கத்து நகரமான சொக்கோரோவுக்குப் போய், அதைக் கட்டத் தடித்த பட்டையாக இரண்டு வாங்கி வந்தோம். கிளம்புவதற்குள் தெற்குக் கரையில் வெட்டிக் கிடக்கிற சால்ட் சிடார் கிளைகளையெல்லாம் இழுத்து முடிக்க வேண்டும்.