தேதி முடிஞ்சா சாப்பாடும் முடிஞ்சதா?

மளிகைக் கடையில் அந்தக் கால அம்மாக்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். இந்தக் கால அம்மாக்கள் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைத் தேடுகிறார்கள். இரண்டுமே நல்ல பழக்கம்தான். ஆனால், இரண்டு பேரும் ஒரே சமையலறையில் இருந்தால்? தாம்பரத்தில் ஒரு வீட்டில் ஞாயிறுதோறும் அது சண்டையில்தான் முடிந்துகொண்டிருந்தது.

மருமகள் ஐ.டி ஊழியர். வாரம் ஒருமுறை ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் ஒழிப்பார். தேதி தாண்டிய எதுவும் நேராகக் குப்பைக்குப் போகும். மாமியார் பின்னாலேயே வருவார்.

"ஏம்மா, நல்லா இருக்கிற சேமியாவைப் போய்த் தூக்கிப் போடுறியே?"

"டேட் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு அத்தை."

ஒருமுறை, தூக்கிப்போட்ட பிஸ்கட் பாக்கெட்டை மாமியார் எடுத்து ஒளித்து வைத்து, தனியாகச் சாப்பிட்டது தெரிந்தபோது மருமகள் அழுதேவிட்டார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாமியார் ஒற்றைச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மாதக் கடைசியில் நொய்க்கஞ்சியில் ஓட்டியவர். மருமகளுக்கோ வேறொரு பயம். இரண்டு வருடங்களுக்கு முன், மூன்று வயது மகன் விடாமல் வாந்தி எடுத்து, ஓர் இரவு முழுக்க மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறியது. மதியம் வடித்து, அடுப்பு மேடையிலேயே இருந்த சோற்றை இரவு ஊட்டியதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்துதான் மருமகள் தேதி தாண்டிய எதையும் வீட்டில் விடுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சோற்றில் எந்தத் தேதியும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

இரண்டு தேதி, இரண்டு அர்த்தம்

சேமியா சண்டையைத் தீர்த்து வைத்தது மகன்தான். செல்போன் கேமராவில் அந்தப் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பாக்கெட்டில் இரண்டு தேதிகள் இருந்தன. முடிந்திருந்தது 'பெஸ்ட் பிஃபோர்'. 'யூஸ் பை' தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்துக்கான தேதி. அதுவரை ருசி, மணம், மொறுமொறுப்பு எல்லாம் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் குறையலாம். ஆனால், பாக்கெட்டில் சொன்னபடி பிரிக்காமல் வைத்திருந்தால், மறுநாளே அது கெட்டுவிட்டதாக அர்த்தம் இல்லை. 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' அப்படியல்ல. அந்தத் தேதிக்குப் பிறகு அதை விற்கவே கூடாது. வீட்டிலும் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. பால், பனீர், இறைச்சி, குழந்தைகளுக்கான பால் பவுடர் போன்றவற்றில் ஒருநாள்கூடச் சலுகை வேண்டாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, தயாரித்த அல்லது பாக்கெட் செய்த தேதியும், 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' தேதியும் கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதல் தகவல்தான். எனவே, கண்ணில் படும் முதல் தேதியோடு நிறுத்தாமல், அது எந்தத் தேதி என்றும் படியுங்கள்.

இன்னொன்று, பாக்கெட்டைப் பிரித்த நிமிடமே அந்தத் தேதி உங்களுக்கு உத்தரவாதம் தராது. பிரித்த பிறகு எத்தனை நாள், எப்படி வைக்க வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குப்பைக்குப் போகும் 55 கிலோ

ஐ.நா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இதில் சேரும். நான்கு பேர் இருக்கும் வீடு என்றால் 220 கிலோ. தினமும் 600 கிராம்! உலக அளவில் 2022-ல் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவிகிதம் வீடுகளிலிருந்து போனதுதான்.

கண்ணும் மூக்கும் போதாது

அதற்காக, "மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்" என்ற மாமியாரின் நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெளியே கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. வாசனையும் காட்டிக் கொடுக்காது.

"நாங்க பழையது சாப்பிட்டு வளரலையா?" என்று மாமியார் கேட்டார். பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு பல கிருமிகளை வளரவிடாது. மேடையில் சும்மா கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மீந்ததை அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம். அதில் உண்டாகும் 'அஃப்ளடாக்சின்' நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் முழுக்கப் போகாது. இதைக் கேட்ட பிறகு, மாமியாரே ஒரு கிலோ கடலையைக் கொண்டுபோய்க் கொட்டினார். அன்று அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இப்போது அந்த வீட்டில்...

* மீந்த குழம்பு, அரைத்த மாவு, பிரித்த பாக்கெட் எல்லாவற்றிலும் ஒட்டுத்தாளில் தேதி எழுதி ஒட்டுகிறார்கள். எழுதுவது பேரன்.

* ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு டிரே. சீக்கிரம் தீர்க்க வேண்டியவை அதில்தான். காலையில் அதைப் பார்த்த பிறகுதான் என்ன சமையல் என்று முடிவு.

* புதிதாக வாங்குவது பின்னால், பழையது முன்னால்.

* 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால், முதலில் தேதி, அப்புறம்தான் ஆசை.

முக்கியமான மாற்றத்துக்குப் பாக்கெட்டும் தேதியும் தேவைப்படவில்லை. தினமும் எவ்வளவு சோறு மீறுகிறது என்று மாமியாரும் மருமகளும் ஒரு வாரம் குறித்து வைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து உலையில் அரை டம்ளர் அரிசி குறைந்தது. இதுவரை ஒரு நாள்கூட யாருக்கும் சோறு பற்றாமல் போகவில்லை.