மருந்து அடிக்காத தோட்டம்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு மதுப் போத்தல் ஏறியபோது எனக்கு வயது 44. அதுவரை நான் தொட்டதே இல்லை என்று சொன்னால் பொய். அலுவலக விருந்துகளில் ஒரு கிளாஸை வாங்கி, இரவு முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஆள் நான். ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

காரணம் அப்பா. தோட்டத்துக் கள்ளுக்கடையில் தொடங்கி, சம்சுவில் முடிந்தவர். 51 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். சம்பள நாள் மாலையில் அம்மா லயத்து வாசலில் நின்று, அவர் நடந்து வரும் நடையைப் பார்த்தே கையில் எத்தனை வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, "எங்க வீட்டுல குடி நுழையாது" என்பதுதான் அம்மா சம்பந்தி வீட்டாருக்குக் கொடுத்த ஒரே உறுதி. நகை, சீர் எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

சிங்கப்பூரில் விமானப் பராமரிப்புத் துறையில் வேலை எனக்கு. 2025 மார்ச்சில் மூன்று வாரப் பயிற்சிக்காகப் பிரான்சின் துலூஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே என்னோடு பயிற்சியில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், "என் அக்கா ஒரு எஸ்டேட் வைத்திருக்கிறாள், வார இறுதிக்கு வருகிறாயா?" என்று கேட்டார்.

எஸ்டேட் என்ற சொல் நம் காதில் விழுவது வேறு மாதிரி. ஆயிரக்கணக்கான ஏக்கர், மேட்டில் துரை பங்களா, விடியுமுன் பெரட்டு, கிராணியின் கையில் பேரேடு. அப்படி ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் காரில் ஏறினேன். கார்கசோன் கோட்டையைக் கடந்து, லெசினியான் என்ற சிற்றூரில் திரும்பி, கோர்பியேர் குன்றுகளுக்குள் போனோம். ஒரு கல் வீடு, ஒரு பழைய டிராக்டர், சிமெண்டுத் தொட்டிகள் வைத்த ஒரு கொட்டகை, குரைக்கச் சோம்பல்படும் ஒரு நாய். நிலம் மொத்தம் 11 ஹெக்டேர், நம் கணக்கில் 27 ஏக்கர். வேலைக்கு அக்காவும் அவர் கணவரும்தான். அறுவடைக்கு மட்டும் கூலி ஆள் வருவார்களாம்.

திராட்சை என்றால் பந்தலில் தொங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே பாதி நிலத்தில் கம்பிகூட இல்லை. முழங்கால் உயரத்துக்கு முறுக்கிய கட்டைகள், கிண்ணம் போல விரிந்து நின்றன. கரினியான் என்ற வகை, 60 வயதுக்கு மேல் என்றார்கள். நம் பக்கம் செம்பனைக்கு 25 வயதானால் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறோம். இவர்களோ வயது ஏற ஏறக் காய் குறைந்தாலும் சாறு கெட்டிப்படும் என்று கிழக்கட்டைகளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்குக் காற்று என்னை நிற்கவிடவில்லை. வடமேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு செர்ஸ் என்று பெயர். "திட்டாதே, எங்களுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன் அது" என்றார் அக்கா. மழை பெய்தாலும் இலையை உடனே உலர்த்திவிடுமாம். ஈரம் தங்காவிட்டால் பூஞ்சை நோய் குறைவு. ஆர்கானிக் முறையில் திராட்சை வளர்க்க அந்தப் பகுதி தோதாக இருப்பதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம்.

ஆர்கானிக் என்றால் எதையுமே தெளிக்கமாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. கந்தகத் தூள் தூவுகிறார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 'பொர்தோ கலவை'யை அடிக்கிறார்கள். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பொர்தோ பக்கத்தில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மட்டும் இந்த நீல நிறக் கலவையைத் தெளித்து வைப்பார்களாம். அமெரிக்காவிலிருந்து வந்த பூஞ்சை நோய் தோட்டங்களை மொட்டையடித்தபோது, அந்தச் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை நின்றது. மில்லார்தே என்ற பேராசிரியர் அதைக் கவனித்து, ஆராய்ந்து, 1885இல் வெளியிட்டார். ஆனால் தாமிரமும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் இப்போது ஐரோப்பாவில் அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்கு, ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோ. ஒயினில் சேர்க்கும் சல்ஃபைட்டும் அப்படித்தான். சாதாரண சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஆர்கானிக் என்றால் 100. அறவே கிடையாது என்பதல்ல, அளவு குறைவு. ஈரலுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மது மதுதான்.

அவர்கள் அறவே விட்டது களைக்கொல்லியை. வரிசைகளுக்கு நடுவே புல் கணுக்கால் உயரம் நின்றது. நடுப் புல்லை டிராக்டர் பார்த்துக்கொள்ளும். கட்டையின் அடியில் முளைப்பதை மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் போன அன்றும் அக்கா கொத்திக்கொண்டுதான் இருந்தார். நானும் ஒரு வரிசை கொத்திப் பார்த்தேன். அரை வரிசையில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"மருந்து அடித்தால் ஒரே காலையில் முடியுமே?" என்றேன்.

அவர் வீட்டுத் திண்ணையைக் காட்டினார். அங்கே அவருடைய மாமனார் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் இதே கொடிகளுக்கு மருந்து அடித்தவர். பூச்சிமருந்துகளோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்சார்ந்த நோய் என்று பிரான்ஸ் 2012இல் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. அதன்படி அவருக்கு உதவித்தொகை வருகிறது. அவர் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் மகனும் மருமகளும் ஆர்கானிக்குக்கு மாறியிருக்கிறார்கள். மாறினால் உடனே முத்திரை கிடைக்காது. மூன்று ஆண்டுகள் செலவெல்லாம் ஆர்கானிக் செலவு, விற்பதோ பழைய விலை. "அந்த மூன்று வருஷத்தில் என் தாலியைத் தவிர எல்லாம் வங்கியில் இருந்தது" என்று நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் சொல்லியிருப்பார். அவர் தோளை மட்டும் குலுக்கினார்.

இரவு சாப்பாட்டில் அந்த ஒயினை ஊற்றினார்கள். நான் முழுதாகக் குடித்து முடித்த முதல் கிளாஸ் அதுதான். நாவல்பழம் தின்ற நாக்கு போல ஒரு துவர்ப்பு, பின்னால் கொஞ்சம் மிளகு, வெயிலில் காய்ந்த தழையின் வாசம். இதற்கு மேல் எனக்கு வருணிக்கத் தெரியாது. விலை என்ன என்று கேட்டேன். தோட்டத்தில் வாங்கினால் போத்தல் எட்டரை யூரோ.

மலிவாக இருக்கிறதே என்று நான் மகிழ்ந்ததை அக்கா ரசிக்கவில்லை. கண்ணாடி, தக்கை, லேபிள், சான்றிதழ்க் கட்டணம், டீசல் என்று விரல் மடக்கினார். ஒரு கை போதவில்லை. இருந்தாலும் விலையை ஏற்ற முடியாது. பொர்தோ என்று எழுதியிருந்தால் ஜனங்கள் கேட்காமல் கொடுப்பார்கள், கோர்பியேர் என்றால் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்பது கடைக்காரர் முதல் வாடிக்கையாளர் வரை எல்லாருடைய எண்ணம். இது இன்று நேற்று வந்த கஷ்டமல்ல. 1907இலேயே விலை படுத்துப்போய், இந்த வட்டாரத்துத் திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களை அடக்க வந்த படையில் ஒரு பிரிவே கலகம் செய்து விவசாயிகள் பக்கம் சாய்ந்ததாம். இப்போது பிரான்சில் ஒயின் குடிப்பது குறைந்துவிட்டதால், கொடியைப் பிடுங்கிப் போட ஹெக்டேருக்கு 4,000 யூரோ அரசாங்கமே தருகிறது. பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டு பிடுங்கிவிட்டார். அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது.

இரண்டு போத்தல் வாங்கினேன். சிங்கப்பூருக்குள் வரும்போது இரண்டு லிட்டர் ஒயின் வரை தீர்வை இல்லை. (இரண்டு நாளாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் இந்தச் சலுகை கிடையாது. தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.) தீர்வை கட்டுவதாக இருந்தால், சுத்த மதுசாரம் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. பதின்மூன்றரை விழுக்காடு உள்ள ஒரு போத்தலுக்கு அது ஏறக்குறைய 8 வெள்ளி 90 காசு, அதற்கு மேல் ஜிஎஸ்டி. கடைத்தெருவில் இந்த மாதிரிப் போத்தல் ஏன் இவ்வளவு விலை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பணத்தில் கொத்துகிறவர் கைக்குப் போவது எவ்வளவு என்பதும்.

மனைவி இரண்டையும் மேல் தட்டில், ரைஸ் குக்கர் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் கோர்பியேரில் காட்டுத்தீ. ஏறத்தாழ 16,000 ஹெக்டேர் எரிந்தது. நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். தீ அக்காவின் நிலத்து எல்லை வரை வந்து, ஓரத்து வரிசைகளைப் பொசுக்கிவிட்டு நின்றுவிட்டதாம். கொத்தி வைத்த மண்ணும் பச்சைக் கொடியும் தீயைத் தாங்கும் என்றார். கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதர் மண்டவிட்ட இடங்கள் வழியாகத்தான் அது ஓடி வந்திருக்கிறது.

தீபாவளிக்கு அம்மா குளுவாங்கிலிருந்து வந்தார். பலகாரச் சட்டி எடுக்க நாற்காலி போட்டு ஏறியவர், குக்கர் பெட்டியை நகர்த்திவிட்டார்.

"இது என்னா தம்பி?"

மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். "ஒயின்மா. பிரான்சுக்குப் போனப்போ வாங்குனது."

அம்மா இறங்கி உட்கார்ந்தார். வெகு நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "ஒங்கப்பாவும் மொதல்ல நல்ல சரக்குன்னுதான் சொன்னாரு" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றத்தான் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கல் வீட்டைப் பார்க்கவில்லை, குன்றுகளைப் பார்க்கவில்லை.

"என்னா இவ்ளோ புல்லு நிக்குது? மண்டோர் ஏச மாட்டானா?"

"மருந்து அடிக்க மாட்டாங்கம்மா. அந்த அம்மாவே மண்வெட்டியால கொத்துறாங்க."

"எத்தன ஏக்கரு?"

"இருவத்தேழு."

"கடைசி வரிசைய முடிக்கறதுக்குள்ள மொத வரிசையில மொளச்சிருக்குமே" என்றார்.

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு, 1986 முதல் 1999 வரை அம்மாவுக்கு மருந்தடிப்பு வேலை. முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டு. பாராகுவாட்டின் அந்த நீலப்பச்சை நீர் கசிந்து முதுகு வெந்துபோகும். மூக்கில் ரத்தம் வரும். வலது கட்டைவிரல் நகம் உதிர்ந்து, பிறகு முளைத்தபோது இரண்டாகப் பிளந்தே முளைத்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பாராகுவாட்டை ஐரோப்பா 2007இலேயே ஒதுக்கிவிட்டது. மலேசியாவில் 2020 சனவரியில்தான் தடை முழுதாக அமலுக்கு வந்தது. அதற்குள் அம்மா வேலையை விட்டு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

திண்ணையில் இருந்த கிழவரைப் பற்றிச் சொன்னேன். கை நடுக்கத்தைப் பற்றியும், அது வேலையால் வந்த நோய்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டதைப் பற்றியும்.

"காசு குடுத்தாங்களா?"

"மாசாமாசம் வருதாம்."

அம்மா கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு ஒரு டின்னு பாலு குடுப்பாங்க. குடிச்சா வெசம் முறிஞ்சிருமாம்."

சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது.

"போத்தலு என்னா வெலை?"

"பன்னண்டு பன்னண்டர வெள்ளி வரும்மா."

"அவ்ளோதானா? அப்போ கொத்துறவளுக்கு என்னா மிஞ்சும்?"

அன்றைக்குப் போத்தலைத் திறக்கவில்லை. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் இரவு, கோழி வறுவலோடு உட்கார்ந்தபோது அம்மாவே சொன்னார்: "தொறக்கறதுன்னா தொற. ஒரு கிளாசுதான். நான் பாத்துக்கிட்டு இருப்பேன்." அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தேன். நம் ஊர் வெப்பத்தில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். எனக்கு ஒரு கிளாஸ், மனைவிக்குப் பாதி. வறுவலில் காரம் கொஞ்சம் கூடுதல், இரண்டும் சேர்ந்து தொண்டையில் எரிந்தது. அம்மா போத்தலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "கள்ளு வாடை இல்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மீதியை மனைவி மறுநாள் ஆட்டிறைச்சியில் ஊற்றிச் சமைத்துவிட்டாள். காலிப் போத்தலைக் குப்பையில் போடப் போனேன். அம்மா விடவில்லை. கறுப்புக் கண்ணாடி, வெளிச்சம் படாது, நல்லெண்ணெய் ஊற்றி வைத்தால் சிக்குப் பிடிக்காது என்று கழுவிக் கவிழ்த்து, துணியில் சுற்றிக் குளுவாங்குக்கு எடுத்துப் போனார். லேபிளைக் கிழிக்கவில்லை.

இரண்டாவது போத்தல் இன்னும் மேல் தட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம், "அது இருக்கா?" என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறேன். "அந்தப் பொம்பளைக்குத் தோட்டம் எரிஞ்சுதே, இப்ப எப்படியாம்?" என்று அடுத்த கேள்வி வரும்.